ஜிப்லைனில் பிரேக் பிடிக்கவில்லை: வழக்கா, சமரசமா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு மணாலி போயிருந்தோம். சோலாங் பள்ளத்தாக்கில் கணவரும் மகனும் பனிச்சறுக்குப் பழகப் போனார்கள். எனக்கு அதில் பயம், அதனால் கம்பியில் தொங்கியபடி சறுக்கி இறங்கும் ஜிப்லைனில் ஏறினேன். இறங்கும் இடத்தில் பிரேக் பிடிக்கவே இல்லை. மேடையில் மோதி கணுக்கால் எலும்பு முறிந்தது. அங்கிருந்த பையன்கள் சிரித்தார்கள். நாங்கள் தங்கிய ஹோட்டல் மேனேஜர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். தங்கை மகள் கல்யாணத்துக்கு வீல்சேரில்தான் போனேன். சாகச விளையாட்டு என்றால் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று உறவினர் ஒருவர் சொன்னதால், பனியில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லி கேஷ்லெஸ் (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் வசதி) வாங்கிவிட்டோம். ஜிப்லைன் நடத்துபவர் இப்போது 60,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். எங்களுக்கு 20 லட்சம் கேட்டு, ஹோட்டலையும் சேர்த்து வழக்குப் போட வேண்டும். ஏறுமுன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அது எங்களைப் பாதிக்குமா? கணவர் எடுத்த வீடியோ இருக்கிறது.

பதில்: சிரித்தவர்கள், எட்டிப் பார்க்காத மேனேஜர், கல்யாணம் ஆகிய மூன்றையும் ஓரமாக வையுங்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் இவற்றுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. அங்கே கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: உங்களை மேலிருந்து விட்டபோது கீழே பிரேக் தயாராக இருந்ததா?

இது போன்ற ஜிப்லைனில் பயணி கையில் ஒன்றுமே இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது கம்பியின் சரிவும் உங்கள் எடையும். நிறுத்துவது கீழ்முனையில் இருக்கும் பிரேக். ஒருவரை இறக்கிய பிறகு அதைத் திரும்ப அதன் இடத்துக்கு இழுத்து வைத்து, கீழே நிற்பவர் சைகை கொடுத்த பிறகுதான் மேலே இருப்பவர் அடுத்தவரை விட வேண்டும். இந்த வரிசை தப்பியது உங்கள் வீடியோவில் தெரிந்தால் அது கவனக்குறைவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்லும் சேவைக் குறைபாட்டில் கவனக்குறைவும் அடக்கம். வீடியோவை வெட்டி, பாட்டுச் சேர்த்து ரீல்ஸ் போட்டிருந்தால் அந்தப் பிரதி எதற்கும் உதவாது. மூல வீடியோ உள்ள போனை மாற்றாமல், ரீசெட் செய்யாமல் வையுங்கள்.

படிவத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். உயரம், குளிர், தலைசுற்றல் போன்ற இயல்பான ஆபத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதிடலாம். பிரேக்கை இழுத்து வைக்க மறந்ததையும் ஏற்றுக்கொண்டீர்கள் என்று சொல்ல முடியாது. ஹோட்டலை விட்டுவிடுங்கள். ஜிப்லைன் கட்டணம் ஹோட்டல் பில்லில் இருந்தால் மட்டும் சேர்க்கலாம். இல்லையென்றால் தேவையில்லாமல் இன்னொரு வக்கீலை எதிர்ப்பக்கம் உட்கார வைப்பீர்கள். அங்கே போய்ப் போலீஸில் புகார் கொடுப்பது பற்றியும் யோசிக்க வேண்டாம். கிரிமினல் வழக்கு மணாலிப் பக்கம்தான் நடக்கும், நீங்கள்தான் அலைய வேண்டும். நுகர்வோர் வழக்கை உங்கள் மாவட்டத்திலேயே போடலாம் என்பது தெரிந்திருக்கும்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அதை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள்.

"பனியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னதுதான் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் விபத்து நடந்த விதமாக ஏறியிருக்கும். கேஷ்லெஸ் விண்ணப்பத்திலும் அதுவே. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டு தாள்களைத்தான். நன்றாக நிற்க வேண்டிய வழக்குகள் இப்படி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். எலும்பு முறிந்தது உண்மை, வலி உண்மை, ஆனால் எப்படி முறிந்தது என்று கட்சிக்காரரே இரண்டு விதமாகச் சொல்லியிருப்பார். வீடியோ இருக்கிறதே என்பீர்கள். வீடியோவில் மோதல் தெரியும், எலும்பு முறிவது தெரியாது. மோதியது லேசான அடி, முறிந்தது அப்புறம் பனியில் வழுக்கியபோது என்று அவர் வாதிடுவார். ஆதாரமாக உங்கள் ஆஸ்பத்திரித் தாளையே நீட்டுவார்.

ஆணையத்தில் தோற்பதோடு இது முடியாது. ஜிப்லைனில் அடிபட்டதாக நீங்கள் தாக்கல் செய்யும் புகார், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பொய் சொன்னதற்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். பெரும்பாலான பாலிசிகளில் மோசடி பற்றிய நிபந்தனை உண்டு. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், பாலிசியையே ரத்து செய்யலாம். இந்த வயதில் புதிய பாலிசிக்கு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் உறவினர் யோசித்திருக்க மாட்டார்.

இதில் எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்துக்கு. அந்தப் பொய்யே தேவைப்படவில்லை. மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு பற்றிய விலக்கை, அதாவது பணம் கிடைக்காது என்ற நிபந்தனையை, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகமாக்கியிருக்கிறது. விலக்குப் பட்டியலில் 09 என்ற எண்ணில் பாருங்கள். சாகச விளையாட்டைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் அந்த விலக்கு. டிக்கெட் வாங்கி ஒரு தடவை ஏறிய சுற்றுலாப் பயணிக்கு அது பொருந்தாது. டிராவல் இன்ஷூரன்ஸ் வாசகம் வேறு, அதைத் தனியாகப் படிக்க வேண்டும். உறவினர் இரண்டையும் குழப்பிக்கொண்டார்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பாலிசியில் அந்த வாசகம் அப்படியே இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, நடந்ததைத் திருத்தி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுவது. சங்கடமாகத்தான் இருக்கும். அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களாகச் சொல்வது நல்லது. அடுத்து, மணாலியில் முதலில் கட்டுப்போட்ட இடத்தில் கொடுத்த ஓ.பி. சீட்டைத் தேடுங்கள். அதில் ஜிப்லைன் என்று ஒரு சொல் இருந்தால் உங்கள் நிலைமை பாதி மாறிவிடும்.

சரி, 60,000? சமரசமாகப் போங்கள், ஆனால் அதே தொகைக்கு இல்லை. இன்ஷூரன்ஸ் கொடுத்த பில்லை இவரிடம் மறுபடி கேட்காதீர்கள். பிஸியோதெரபி, போக்குவரத்து, சம்பள இழப்பு, பிளேட்டை எடுக்க வேண்டியிருந்தால் அதற்கான செலவு என்று கைக்காசு போனதை மட்டும் கணக்குப் போட்டு 1,50,000 கேளுங்கள். ஒரு லட்சத்தைத் தொட்டால் முடித்துக்கொள்ளுங்கள். 20 லட்சத்தை மறந்துவிடுங்கள். அந்த ஓ.பி. சீட்டு இல்லாமல், இந்தத் தாள்களோடு நான் உங்களுக்காக வழக்குப் போட மாட்டேன்.

பேசும்போது "நானும் காலைத் தூக்கியிருக்க வேண்டும்" என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். யாருடன் ஒப்பந்தம் என்பதையும் உறுதி செய்யுங்கள். இமாச்சலில் சாகச விளையாட்டு நடத்துபவர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பெயரை ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மூலம் கேட்கலாம். பதிவே இல்லை என்று பதில் வந்தால் பேரம் பேச உங்கள் கை ஓங்கும். முழுத் தொகையும் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகுதான் "இனிக் கோரிக்கை இல்லை" என்ற தாளில் கையெழுத்து. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக நுகர்வோர் வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடு நிற்காது. உங்களிடம் பத்து மாதம்தான் மீதி. ஆறு மாதத்துக்குள் பணம் வரவில்லை என்றால், ஓ.பி. சீட்டோடு உங்கள் மாவட்ட வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.