லில்லிக்கு கம்பு எப்ப ஊணணும்? உங்க கேள்விகளும் என் பதில்களும்

கோத்தகிரியில மழைக்காத்து ஆரம்பிச்சாலே எனக்கு ஒரே மாதிரி கேள்வியா வரும், "அக்கா செடி சாஞ்சிடுச்சு, என்ன பண்றது"ன்னு. இந்த தடவை வந்ததுல உயரமா வளர்ற லில்லி பத்தின கேள்விகளை மட்டும் எடுத்துக்கிறேன், ரோஜா கேள்வி அனுப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

குன்னூர்ல இருந்து: அக்கா, காசா பிளாங்கா வெள்ளை லில்லி பத்து கிழங்கு வச்சேன், நாலடி வளர்ந்துச்சு, மொட்டு வெடிக்கிற நேரத்துல ஒரே ராத்திரியில ஆறு செடி படுத்துடுச்சு. கம்பு எப்ப குடுத்திருக்கணும்?

நட்ட அன்னைக்கேம்மா. செடி வளரட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு விடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணியிருக்கேன். ஒரு வருஷம் செடி முழங்கால் உயரம் வந்தப்புறம் பக்கத்துல மூங்கில் குச்சியை ஊணினேன், உள்ள ஏதோ மெத்துன்னு பட்டுச்சு, இழுத்துப் பாத்தா குச்சி முனையில வெள்ளையா ரெண்டு செதில் ஒட்டிட்டு வருது. கிழங்கு நடுவுல குத்திட்டேன். பத்தே நாள்ல மேல இருந்த செடி மஞ்சளாகி போயிடுச்சு. லில்லி கிழங்குக்கு வெங்காயம் மாதிரி மேல காஞ்ச தோல் கிடையாது, வெறும் சதைச் செதிலை அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், காயம் பட்ட இடத்துல அழுகல் ஈசியா ஏறிடும்.

அதனால குழி தோண்டினதும் முதல்ல கம்பை ஊணுங்க, அதுல இருந்து மூணு விரல் தள்ளி கிழங்கை வைங்க, அப்புறம் மண்ணை மூடுங்க. காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம் கம்பு இருக்கணும், அப்பதான் காத்தடிக்கும்போது செடி கம்பு மேல மோதி உரசாம அதுல இருந்து விலகி நிக்கும். கம்பு மண்ணுக்குள்ள ஒண்ணரை அடி போகணும். சவுக்கு, மூங்கில், நல்லா காஞ்ச யூகலிப்டஸ் எது வேணா வைங்க, கிளுவையும் முருங்கையும் மட்டும் பச்சையா வைக்காதீங்க, அதுவே துளிர்த்து வேர் விட்டு லில்லி சாப்பாட்டையும் சேத்து சாப்பிடும்.

ஆழம் முக்கியம். கிழங்கு உயரத்தைப் போல மூணு மடங்கு மண் மேல இருக்கணும், உங்க காசா பிளாங்கா மாதிரி ஓரியண்டல் லில்லிக்கு ஆறுல இருந்து எட்டு இன்ச். ஏன்னா இந்த வகைக்கெல்லாம் கிழங்குக்கு அடியில மட்டும் வேர் வராது, கிழங்குக்கு மேல மண்ணுக்குள்ள இருக்கிற தண்டுலயும் சுத்தி வேர் வரும், செடியைப் பிடிச்சு நிறுத்துறதுல அதுக்கு பெரிய பங்கு. ரெண்டு இன்ச்ல நட்டா அந்த வேருக்கு இடமே இல்லை. உங்க ஆறு செடியில ஒண்ணை தோண்டிப் பாருங்க, மேலாக நட்டிருப்பீங்கன்னுதான் எனக்கு தோணுது.

கட்டுறதுக்கு பழைய வேட்டி கிழிச்ச துணி இல்லன்னா ஈரமாக்கின வாழைநார். முதல்ல கம்புல ஒரு இறுக்கமான முடிச்சு, அப்புறம் எட்டு போட்ட மாதிரி குறுக்கா சுத்தி தண்டைப் பிடிக்கணும், தண்டுக்கும் கட்டுக்கும் நடுவுல உங்க சுண்டுவிரல் போகணும். ஒரு அடிக்கு ஒரு கட்டு, கடைசிக் கட்டு மொட்டுக் கொத்துக்கு கொஞ்சம் கீழ. மொட்டுக்குள்ள கட்டவே கட்டாதீங்க.

பத்து கிழங்கு ஒரே பாத்தியில இருந்தா கம்பே வேணாம்னு கூட சொல்லுவேன். பாலிஹவுஸ்ல பூ வளக்கிறவங்க பாத்தி மேல படுக்கையா வலை கட்டி, செடி வளர வளர வலையை மேல ஏத்திக்கிட்டே போவாங்க, அதையே வீட்டுல நாலு மூலைக்கு நாலு கம்பு வச்சு பண்ணலாம். வலைக் கண்ணு ஒரு ஜாண் அகலம் இருந்தா போதும்.

கொடைக்கானல்ல இருந்து: ஆலங்கட்டி மழையில தண்டு பாதியில ஒடிஞ்சிருச்சு, கீழ இருந்து மறுபடி தளிர் வருமா?

இந்த வருஷம் வராது தம்பி. லில்லியோட குணமே அதுதான், ஒரு கிழங்குக்கு வருஷத்துக்கு ஒரு தண்டு, தண்டுக்கு ஒரு நுனி. ரோஜா மாதிரி வெட்டினா பக்கத்துல கிளைக்காது. அதனாலதான் நான் கம்பு கம்புன்னு கத்துறேன்.

ஆனா மிச்சம் இருக்கிற தண்டை வெட்டிப் போட்டுடாதீங்க! இலை இருக்கிற வரைக்கும் அது கிழங்குக்கு சாப்பாடு அனுப்புது, அடுத்த வருஷப் பூ அதுல இருந்துதான். ஒடிஞ்ச இடம் முழுசா பிரியாம நார்ல தொங்கிட்டு இருந்தா, நேராக்கி ரெண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி வச்சு டேப் சுத்துங்க, எலும்பு முறிவுக்கு கட்டு போடுற மாதிரி. எனக்கு அப்படி ரெண்டு செடி பூத்திருக்கு, ஒண்ணு வாடிடுச்சு. பூவை ஜாடியில வைக்க வெட்டுறவங்களுக்கும் இதேதான், தண்டுல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க.

சென்னை வேளச்சேரி: ஆன்லைன்ல ஸ்டார்கேசர் லில்லி கிழங்கு வாங்கி பால்கனியில வச்சேன், ஒல்லியா நூல் மாதிரி வளர்ந்து வெளிப்பக்கமா சாயுது. எத்தனை கம்பு வைக்கலாம்?

கம்பு இதுக்கு மருந்து இல்ல சார். வெளிச்சத்தை தேடித்தான் அது சாயுது, நீங்க கட்டி நேராக்கினா நுனி மறுபடி திரும்பும். வெளிச்சம் பத்தலை, சூடு ஜாஸ்தி, ரெண்டும் சேந்தா தண்டு இப்படித்தான் இழுத்துக்கிட்டு போகும். காலை வெயில் நாலஞ்சு மணி நேரம் படுற இடத்துக்கு மாத்துங்க, மத்தியான வெயில் வேணாம். இந்த தடவை பூத்தா சந்தோஷம்.

அடுத்த வருஷத்துக்கு இலை காஞ்சதும் கிழங்கை எடுத்து, லேசா ஈரமான தேங்காய்நார் தூள்ல வச்சு, ஓட்டை போட்ட கவர்ல கட்டி, ஃபிரிட்ஜ் காய்கறி டிரேல ஆறுல இருந்து எட்டு வாரம் வைங்க, பக்கத்துல ஆப்பிள் வாழைப்பழம் இருக்கக்கூடாது, அதுல வர்ற வாயு முளையைக் கெடுக்கும். மார்கழி வாக்குல நட்டா ஒரு வாய்ப்பு இருக்கு. ஆனா சமவெளியில வருஷா வருஷம் அதே கிழங்கு பூக்கும்னு நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன். உங்க ஊருக்கு செங்காந்தள் இருக்கு, அடுத்த கேள்வியைப் படிங்க.

தாராபுரம் பக்கத்துல இருந்து: வீட்டு வாசல்ல கண்வலிக்கிழங்கு வச்சிருக்கேன், பெரிய மூங்கில் கம்பு குடுத்தும் ஏற மாட்டேங்குது, தரையிலயே படுக்குது.

நீங்க இருக்கிற ஊர்லயே விதைக்காக இதை தோட்டம் தோட்டமா போடுறாங்க, அங்க போய் பந்தலைப் பாத்தா காரணம் புரியும். கண்வலிக்கிழங்குன்னாலும் செங்காந்தள்னாலும் ஒண்ணுதான், அதுக்கு தனியா பற்றுக்கம்பி கிடையாது, இலையோட நுனிதான் சுருண்டு பிடிக்கும். அந்த நுனி எவ்ளோ மெல்லிசு பாருங்க, வீணைக் கம்பி மாதிரி. அது எப்படி கட்டை விரல் தடிமன் மூங்கிலை சுத்தும்? கம்பி வேலி, காஞ்ச முள்ளுக் கொப்பு, கட்டுக்கம்பி வலை, இந்த மாதிரி ஒல்லியா இருந்தா தானா ஏறிடும். ஆறடி வரைக்கும் போகும். தோட்டத்துல முள்ளுக்கிளுவை குச்சி மேல விடுறதும் இதுக்குத்தான்.

கிழங்கை எடுக்கும்போது கலப்பை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும், முளை அந்த ரெண்டு நுனியிலதான், நுனி ஒடிஞ்சா அந்தப் பக்கம் முளைக்காது. எடுத்ததும் சோப்பு போட்டு கை கழுவுங்க. கிழங்கு, விதை, பூ எல்லாமே கொடிய விஷம், கால்ச்சிசின் இருக்கு, குழந்தைங்க விளையாடுற இடத்துல வேலி இல்லாம வைக்கவே வைக்காதீங்க. நம்ம மாநிலப் பூதான், ஆனாலும் இந்த விஷயத்துல எனக்கு தயவு கிடையாது.

ஊட்டியில இருந்து: என் லில்லி தண்டு ஒண்ணு பட்டையா, ஸ்கேல் மாதிரி தட்டையா வந்திருக்கு, உச்சியில எண்ணினா அறுபது மொட்டுக்கு மேல. நோயா?

பெரும்பாலும் நோய் இல்லம்மா. நுனி வளரும்போது ஒரு புள்ளியா இல்லாம அகலமா விரிஞ்சிடும், அதனால தண்டு பட்டையாகுது. ஆனா அத்தனை பூவும் விரிஞ்சா கனம் தாங்காது, மழைத்தண்ணி நின்னா இன்னும் மோசம். ஒரு கம்பு போதாது, தட்டையான ரெண்டு முகத்துக்கும் ஒவ்வொரு கம்பு, நடுவுல அகலத் துணி. அடுத்த வருஷம் அதே கிழங்குல சாதாரணத் தண்டு வர வாய்ப்பு ஜாஸ்தி. முடிஞ்சா ஒரு போட்டோ அனுப்புங்க, எனக்கு பாக்கணும்னு ஆசையா இருக்கு.

டொராண்டோவுல இருந்து: ஓரியன்பெட் வகை லில்லி (ஓரியண்டலையும் எக்காள லில்லியையும் கலந்தது) ஏழடி போயிருக்கு, சிவப்பா ஒரு வண்டு இலையெல்லாம் தின்னுது, எங்க வீட்டுல பூனையும் இருக்கு.

வண்டை முதல்ல கவனிங்க. அரக்குச் சிவப்புல பளபளன்னு இருக்கும், கைய நீட்டினதும் கீழ விழுந்து மல்லாந்துக்கும், அடிவயிறு கருப்பா இருக்கிறதால மண்ணுல தெரியாது. அதனால கீழ ஒரு சோப்புத் தண்ணி டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு தட்டுங்க. இலைக்கு அடியில ஆரஞ்சு முட்டை வரிசையா இருக்கும், அதை துடைச்சு எடுங்க. புழு தன் எச்சத்தையே மேல பூசிக்கிட்டு இருக்கும், அருவருப்பா இருந்தாலும் கையுறை போட்டு எடுத்துடுங்க. இலை போனா தண்டு மெலியும், மெலிஞ்ச தண்டு ஏழடியைத் தாங்காது.

பூனை விஷயம் வேற மாதிரி. லில்லியோட இலை, இதழ், உடம்புல ஒட்டின மகரந்தத்தை நக்கினது, ஜாடித் தண்ணி, எதுவா இருந்தாலும் பூனைக்கு கிட்னி செயலிழக்கும், கொஞ்சமே போதும். நக்கினதுன்னு சந்தேகம் வந்தாலே அன்னைக்கே வெட்னரி டாக்டர்கிட்ட ஓடுங்க, வாந்தி வரட்டும்னு காத்திருக்காதீங்க. பூனை வெளிய போய் வரும்னா லில்லியை எடுத்து யாருக்காவது குடுத்துடுங்க, நான் இவ்ளோ லில்லி வளத்தும் இதைத்தான் சொல்லுவேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்து ஊர்ல இருந்து: புல்வெளிச் சரிவுல வெள்ளையா எக்காளம் மாதிரி பூக்கிற காட்டு லில்லியை எடுத்துட்டு வந்து வைக்கலாமா? பூ முடிஞ்சதும் கம்பை எடுத்துடணுமா?

அது நீலகிரி லில்லி, பேர்லயே நம்ம மலை இருக்கு. தயவுசெஞ்சு தோண்டாதீங்க. இதோட தண்டு கிழங்குல இருந்து நேரா மேல வராம மண்ணுக்குள்ளயே கொஞ்ச தூரம் ஓடிட்டுத்தான் வெளிய வரும், அதனால செடி நிக்கிற இடத்துல தோண்டினா தண்டுதான் அறுபடும், கிழங்கு எங்கயோ இருக்கும். போய் பாருங்க, வாசம் பிடிங்க, வந்துடுங்க.

கம்பை எடுக்காதீங்க. பூ காஞ்சதும் காய் பிடிக்க விடாம அதை மட்டும் கிள்ளிடுங்க, தண்டு தானா மஞ்சளாகி, இழுத்தா கையோட வர்ற வரைக்கும் விட்டுடுங்க. அதுக்கப்புறமும் கம்பு அங்கயே நிக்கட்டும், கிழங்கு எங்க தூங்குதுன்னு தெரியாம நீங்களே மண்வெட்டியைப் போட்டுடுவீங்க. நம்ம பக்கம் முள்ளம்பன்றி தொல்லை இருக்கிறதால கம்பைச் சுத்தி ஒரு முழத்துக்கு கோழி வலையை மண்ணுக்குள்ள ரெண்டு இன்ச் கீழ விரிச்சு வைங்க, முளை கண்ணு வழியா வந்துடும், அடுத்த வருஷம் முளை எட்டிப் பாத்ததும் வலையை அந்த இடத்துல மட்டும் கட்டிங் பிளேயரால வெட்டி விட்டுடுங்க.