4 அடி அகலம் 20 அடி நீளம் கொல்லைப்பக்கம், காம்பவுண்டு சுவர் நிழல் வேற, இதுல காய்கறி வருமா?

கண்டிப்பா வரும்ங்க, எங்க வீட்லயும் இதே மாதிரி ஒரு சந்துதான். செடி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் எந்த இடத்துல எவ்வளவு நேரம் வெயில் விழுதுன்னு பாத்து குறிச்சு வைங்க, ஏன்னா தக்காளி கத்திரிக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேணும், கீரைக்கு 3, 4 மணி நேரம் போதும்.

அடுத்தது மண்ணு, இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. வீடு கட்டுனப்ப கொட்டுன சிமெண்ட் கட்டி, சுண்ணாம்பு எல்லாம் அடியில கெடக்கும், அது இருந்தா இலை மஞ்சளாவே நிக்கும், அதனால ஒரு அடி தோண்டி எடுத்துட்டு செம்மண்ணும் மக்குன சாணி உரமும் கலந்து போடுங்க, பச்சை சாணி வேண்டவே வேண்டாம்.

இடம் கம்மின்னா மேல ஏத்துங்க. சுவர்ல கம்பி கட்டி ஆடிப்பட்டத்துல பாகல், புடலை, அவரை விதைச்சா மொட்டை மாடி வரைக்கும் ஏறி வெயிலைத் தானே தேடிக்கும், எனக்கு ரொம்பப் புடிச்ச வழி இதுதான். வெயில் இருக்குற மூலைல பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 முருங்கை வைக்கலாம், ஆறு மாசத்துல காய்ச்சிடும், ஆனா இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிடணும் இல்லன்னா ஒசரமா போயிடும். பாத்திரம் கழுவுற தண்ணி போற பக்கம் ஒரு வாழை, நிழல்ல சேம்பு, அவ்ளோதான்.