கணினி கேள்வி-பதில்: சான்றிதழ் இருந்தும் சர்வர் உள்ளே விடவில்லையா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். மழைமானி அளவை ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி (சுருக்கமாக 'பை') வழியாக, சேலம் அலுவலகத்தில் கருவிகளின் தகவலை வாங்கும் மாஸ்கிட்டோ சர்வரின் 8883 போர்ட்டுக்கு அனுப்புகிறோம். இரு பக்கமும் தன்னை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போய்த் திரும்ப வந்ததிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லை. பையின் சான்றிதழுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இருந்தும் புதிதாக ஒன்று போட்டுப் பார்த்தோம், பலனில்லை.
- வாசகர், ஏற்காடு

பதில்: சான்றிதழை மாற்றும் முன் இணைப்பை எந்தப் பக்கம் அறுத்தது என்று பார்த்திருக்க வேண்டும். பையின் சான்றிதழைச் சர்வர் தன் கடிகாரத்தை வைத்துச் சோதிக்கிறது. சர்வரின் சான்றிதழைப் பை தன் கடிகாரத்தை வைத்துச் சோதிக்கிறது.

பையின் லாக்கில் (பதிவுக் கோப்பில்) 'நாட் எட் வேலிட்' (இன்னும் செல்லுபடியாகவில்லை), அதாவது பிழை எண் 9 இருந்தால், அறுத்தது பைதான். பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் கடைசியாக வட்டில் எழுதிய நேரத்திலிருந்து தொடங்கும். உங்கள் பை மூன்று நாள் பின்தங்கி நிற்கும். அது மட்டுமே இணைப்பைக் கெடுக்காது; இடையில் சேலத்தில் சர்வர் சான்றிதழைப் புதுப்பித்திருந்தால்தான் வம்பு. பையின் கணக்கில் அந்தச் சான்றிதழ் நாளை மறுநாள்தான் பிறக்கும்!

இன்டர்நெட் வந்ததும் நேரம் தானே சரியாகிவிட வேண்டும். 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை கொடுங்கள். 'சிங்க்ரனைஸ்டு' என்பதற்கு எதிரே 'நோ' என்று வந்தால், ரூட்டரில் நேரம் வாங்கும் யுடிபி 123 போர்ட் அடைபட்டிருக்கிறதா பாருங்கள். நிரந்தரத் தீர்வு, டிஎஸ்3231 கடிகாரத் தகடு. பையின் 1-ஆம் பின்னில் 3.3 வோல்ட், 3-இல் தகவல் கம்பியான எஸ்டிஏ, 5-இல் துடிப்புக் கம்பியான எஸ்சிஎல், 6-இல் கிரவுண்ட். 5 வோல்ட் பின்னில் செருகாதீர்கள். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மலிவான தகடுகளில் உள்ள சார்ஜிங் சுற்று, சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032 பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும்.

பையின் லாக்கில் 'அலர்ட்' என்ற சொல்லோடு எண் வந்தால் கதையே வேறு. அது சர்வர் அனுப்பியது. 48 என்றால் சான்றிதழ் கொடுத்த சிஏ (சான்றளிக்கும் அமைப்பு) யாரென்று சர்வருக்குத் தெரியவில்லை. 44 என்றால் சான்றிதழ் ரத்தாகியிருக்கிறது. 45 என்றால் காலாவதி. எட்டு மாதம் மீதி இருக்கும்போது 45 எப்படி வரும்? வரும். ரத்தான சான்றிதழ்களின் பட்டியலான சிஆர்எல் கோப்புக்கும் ஒரு கெடு நாள் உண்டு. சான்றிதழ் தயாரிக்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் கூடவே வரும் மாதிரி அமைப்பில் அது 30 நாள். கெடு தாண்டினால் சர்வர் எல்லோரையும் 45 சொல்லியே விரட்டும். தோட்டத்தில் மற்ற கருவிகளும் ஒரே நாளில் நின்றிருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். புது சிஆர்எல் எடுத்து வைத்து மாஸ்கிட்டோவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் கொலுசுப் பட்டறையின் ஸ்டாக் பக்கம் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் ஓடுகிறது. பிரவுசரில் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டியே வருவதில்லை. நேராக 400 பிழைதான் வருகிறது.
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: சான்றிதழ் கேட்கும்போது, தான் ஏற்கும் சிஏக்களின் பெயர்ப் பட்டியலையும் சர்வர் அனுப்பும். அதில் உங்கள் சிஏ இல்லையென்றால் பிரவுசர் பெட்டியைக் காட்டாமல் வெறுங்கையோடு போய்விடும். 'எஸ்எஸ்எல் கிளையன்ட் சர்டிஃபிகேட்' வரியில் குறித்திருக்கும் கோப்பைத் திறந்து பாருங்கள். சர்வரின் சொந்தச் சான்றிதழை அங்கே போட்டுவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கையெழுத்திட்ட சிஏவும் அதற்கு மேலுள்ள மூல சிஏவான ரூட்டும் அதில் இருக்க வேண்டும். ரூட்டுக்கும் உங்கள் சான்றிதழுக்கும் நடுவே இடைநிலைச் சான்றிதழ்கள் இரண்டு இருந்தால், சரிபார்ப்பு ஆழம் 1 என்ற இயல்பு அளவு போதாது; 2 ஆக்குங்கள்.

சான்றிதழில் 'கிளையன்ட் ஆத்தென்டிகேஷன்' என்ற பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெப்சைட்டுக்கு வாங்கிய பொதுச் சான்றிதழை இதற்கு நம்பவே வேண்டாம். சொந்தமாக ஒரு சிஏ வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: சான்றிதழும் அதன் ரகசியக் கீயும் (சாவி) சேர்ந்த பி12 கோப்பைப் பழைய விண்டோஸ் 7 கணினியில் ஏற்றினால் பாஸ்வேர்ட் தவறு என்கிறது. பாஸ்வேர்ட் சரிதான், பலமுறை பார்த்துவிட்டோம்.
- வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: கோப்பை ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இல் உருவாக்கியிருப்பீர்கள். அது ஏஇஎஸ்-256 என்ற முறை கொண்டு பூட்டுகிறது. பழைய விண்டோஸுக்கு அது புரியாமல் பாஸ்வேர்ட் மேல் பழி போடுகிறது. கீக்கும் சான்றிதழுக்கும் பிபிஇ-எஸ்எச்ஏ1-3டிஇஎஸ் என்ற பழைய பூட்டு, கோப்பு மாறவில்லை என்று சோதிக்கும் மேக் முறைக்கு எஸ்எச்ஏ1 என்று கொடுத்துத் திரும்ப ஏற்றுமதி செய்யுங்கள், ஏறிவிடும். அந்தப் பூட்டு பலவீனமானது. பென்டிரைவில் கொண்டுபோய் ஏற்றியதும் கோப்பை அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.