கேள்வி–பதில்: கிருமியை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

கேள்வி: எங்கள் 80 படுக்கை மருத்துவமனையில் லேப் தரும் கல்ச்சர் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்களை எல்லாம் கூட்டிச் சதவீதம் போடுகிறோம். போன வருடம் க்ளெப்சியெல்லா என்ற கிருமியில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு 57 சதவீதம் வந்தது. டாக்டர்கள் நம்ப மறுக்கிறார்கள். – தொற்றுத் தடுப்புச் செவிலியர், நாமக்கல்

பதில்: டாக்டர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்புக் கிருமி பிடித்தவர் ஐ.சி.யூ.வில் நாள்கணக்கில் இருப்பார். ரத்தம், சிறுநீர், சளி என்று அவரிடமிருந்து கல்ச்சர் போய்க்கொண்டே இருக்கும். வருடத்தில் 40 பேருக்கு க்ளெப்சியெல்லா, அதில் 10 பேருக்கு மெரோபெனம் கேட்கவில்லை என்று வையுங்கள். அந்த 10 பேருக்கு ஆளுக்கு 4 ரிப்போர்ட், மற்ற 30 பேருக்கு ஒவ்வொன்று. மொத்தம் 70 ரிப்போர்ட்டில் 40 எதிர்ப்பு. உங்கள் 57 சதவீதம் வந்துவிட்டது. ஆளை எண்ணினால் 25தான்.

எனவே ஒரு நோயாளி, ஒரு கிருமி, அந்த வருடத்தின் முதல் கல்ச்சர் மட்டும். ஒரு கிருமியில் 30 பேராவது சேராவிட்டால் சதவீதம் எழுத வேண்டாம். உங்கள் அளவு மருத்துவமனைக்கு மாதக் கணக்கு வீண் வேலை. ஐ.சி.யூ.வையும் வார்டையும் தனித்தனியே போடுங்கள். நோயில்லாதவரிடம் சோதனைக்காகப் பஞ்சுக்குச்சியில் எடுத்த ஸ்வாப்பை இதில் கலக்கவே கூடாது. ‘ஹூநெட்’ என்ற இலவச மென்பொருளில் முதல் கல்ச்சரை மட்டும் பிரித்தெடுக்க வசதி உண்டு.

கூட்டல் சரியானாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. மருந்து கேட்காத பிறகுதான் கல்ச்சர் அனுப்புகிறார்கள் என்றால், எதிர்ப்பு கூடுதலாகத்தான் தெரியும். முதல் டோஸுக்கு முன்பே, பெரியவர்களுக்கு இரண்டு இடங்களில் குத்தி, பாட்டிலுக்கு 8–10 மி.லி. ரத்தம் எடுக்க வேண்டும்.

கேள்வி: எதிர்ப்புக் கிருமி வெளியிலிருந்து வந்ததா, எங்கள் வார்டில் பரவியதா என்று எப்படிப் பிரிப்பது? – மருத்துவமனை நிர்வாகி, காரைக்குடி

பதில்: சேர்ந்த நாளை 1 என்று வைத்து, 4-ஆம் நாளோ அதற்குப் பிறகோ எடுத்த மாதிரியில் முதன்முறையாகத் தெரிந்தால் உள்ளே பிடித்தது என்று கணக்கு. இது தோராயமே, குடலில் சுமந்து வந்தவரும் இதில் சிக்குவார். ஆகவே ஐ.சி.யூ.வில் சேரும்போதே மலக்குடல் ஸ்வாப், பிறகு வாரம் ஒன்று. ஸ்வாப்பில் மலத்தின் நிறம் தெரியாவிட்டால் திரும்ப எடுங்கள், ‘இல்லை’ என்று வரும் முடிவுக்கு அப்போதுதான் அர்த்தம். புதிதாகப் பிடித்தவர் எண்ணிக்கையை மொத்தப் படுக்கை நாள்களால் (நோயாளிகள் தங்கிய நாள்களின் கூட்டுத்தொகை) வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள். 1,500 படுக்கை நாள்களில் 3 பேர் என்றால் ஆயிரத்துக்கு 2.

ஒரே வார்டில் இரண்டு வாரத்துக்குள் இருவருக்கு ஒரே கிருமி என்றால் மாத முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். கை கழுவும் தொட்டியின் வடிகாலையும் உறிஞ்சு குழாய்களையும் பாருங்கள். அந்தக் கிருமிகளைக் கிளிசரால் கலந்த திரவத்தில் மைனஸ் 70 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள். கிருமி வளர்ந்த தட்டை லேப் கழுவிவிட்டால், இரண்டும் ஒரே வகையா என்று பின்னால் பார்க்கவே வழியில்லை.

கேள்வி: கிருமி பூசிய தட்டில் மருந்து டிஸ்க் வைத்துப் பார்க்கும் சோதனையின் முடிவுகள் வாரத்துக்கு வாரம் மாறுகின்றனவே? – லேப் டெக்னீஷியன், தென்காசி

பதில்: முதலில் தட்டில் கிருமி வளரும் ஜெல்லியான அகாரின் கனத்தை அளந்து பாருங்கள், 4 மி.மீ. இருக்க வேண்டும். 90 மி.மீ. தட்டுக்குச் சுமார் 25 மி.லி. ஊற்றினால் வரும். மெல்லியதாக ஊற்றினால் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் பெரிதாகி, எதிர்ப்புக் கிருமியும் மருந்துக்கு அடங்குவதுபோல் தெரியும். கிருமிக் கலங்கல் 0.5 மெக்ஃபர்லாண்ட் என்ற கலங்கல் அளவைத் தாண்டினால் வளையம் சுருங்கிப்போகும். தரம் பார்க்க வைத்திருக்கும் ஈ.கோலி ஏ.டி.சி.சி. 25922 கிருமியையும் கூடவே போட்டு, அது வரம்புக்குள் நின்றால் மட்டும் ரிப்போர்ட் கொடுங்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு டிஸ்க் போடவே வேண்டாம். பெரிய மூலக்கூறு, அகாரில் சரியாகப் பரவாது.