ஆபா எண் எடுத்தால் என் மருத்துவப் பதிவுகளுக்கு யார் பொறுப்பு?

ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு எனப்படும் ஆபாவின் எண்ணைப் பெற்றவுடன் பதிவுகள் அனைத்தும் மத்திய அரசின் ஒரே கணினிக்குப் போய்விடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது, உண்மை அதுவன்று. புதுச்சேரி உள்ளிட்ட 6 யூனியன் பிரதேசங்களில் 2020 ஆகஸ்டில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், ரத்தப் பரிசோதனை அறிக்கையோ டிஸ்சார்ஜ் சுருக்கமோ அதை உருவாக்கிய மருத்துவமனையிடமோ ஆய்வகத்திடமோதான் இருக்கும். 14 இலக்க ஆபா எண் அவற்றை உங்களோடு இணைக்கும் அடையாளம் மட்டுமே. அதைப் பெறுவதும் கட்டாயமில்லை.

வேறொரு மருத்துவர் அவற்றைப் பார்க்க விரும்பினால், எந்த வகைப் பதிவுகள், எந்தக் காலத்தவை, என்ன நோக்கத்திற்காக, எந்த நாள்வரை என்று குறிப்பிட்ட கோரிக்கை உங்கள் கைபேசிச் செயலிக்கு வரும். காலத்தைச் சுருக்கலாம், மறுக்கலாம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். ஆனால், ஓ.பி. சீட்டு வரிசையில் காய்ச்சலோடு நிற்பவர் அதை நிதானமாகப் படித்தா ஒப்புதல் தருவார்? இந்த இடத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

திட்டத்தை நடத்துவது தேசிய சுகாதார ஆணையம். ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நிர்வகிப்பதும், தரவுக் கொள்கையை வகுப்பதும் அதே அமைப்புதான். நடத்துபவரும் கண்காணிப்பவரும் ஒருவராக இருப்பது நல்லதல்ல. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி வாரியத்திற்கு வழிசெய்தாலும், அது எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. மருத்துவத் தரவுக்கென்றே, மாநிலங்களுக்கும் நோயாளிகளுக்கும் இடமளிக்கும் சுதந்திரமான அமைப்பு தேவை, ஏனெனில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை.