குட்டி வீசும் ஆடுகள்: வன்னி ஆடு வளர்ப்பவர்களின் கேள்விகளுக்கு ஒரு கால்நடை வைத்தியரின் பதில்கள்

மாரி தொடங்கினால் ஆட்டுக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டு விஷயம்: குட்டிக்குக் கழிச்சல், மறி (பெண் ஆடு) குட்டி வீசிவிட்டது, அதாவது குறைமாதத்தில் குட்டி விழுந்துவிட்டது. கழிச்சலை இன்னொரு முறை பார்ப்போம். குட்டி வீசுவதற்குப் பின்னால் புறூசெல்லோசிஸ் என்ற கிருமி நோய் இருந்தால் அது ஆட்டோடு நிற்காது, வீட்டில் இருப்பவர்களுக்கும் வரும். அதனால் அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

மல்லாவியிலிருந்து ஓர் அக்கா: வாழ்வாதாரத் திட்டத்தில் கிடைத்த ஆடுகள் இப்போது எட்டாகப் பெருகியிருக்கின்றன. இரண்டு மறிகள் நாலாம் மாதம் தாண்டியதும் குட்டி வீசிவிட்டன. இரண்டும் நன்றாகக் குழை தின்கின்றன, காய்ச்சலும் இல்லை. இது அந்த நோய்தானா?

இருக்கலாம் அக்கா. ஆனால் ஆட்டைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். புறூசெல்லா கிருமி கருப்பைக்குள் பெருகி இளங்கொடியைத் தாக்குவதால், பெரும்பாலும் கடைசி இரண்டு மாதங்களில்தான் குட்டி விழும். தாய் மறி மறுநாளே தீனி எடுக்கும். அடுத்த ஈற்றில் உயிரோடு குட்டி போடவும் கூடும். ஆனாலும் பாலிலும் ஈற்றுக் கழிவிலும் கிருமி வந்துகொண்டே இருக்கும். ஆடு நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிடுவதால்தான் பட்டி முழுக்கப் பரவுகிறது.

குட்டி விழ வேறு காரணங்களும் உண்டு. கிளமிடியா, கியூ காய்ச்சல், பூனையின் மலத்தால் பரவும் டொக்சோபிளாஸ்மா என்று ஒரு வரிசையே இருக்கிறது. கோடை முடிவில் தீனி இல்லாமல் மெலிந்த மறியும் வீசும். ஆனால் ஒரே பட்டியில் அடுத்தடுத்து இரண்டு வீசினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதைத் தொற்று நோயாகவே எடுங்கள். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்லி எட்டு ஆடுகளுக்கும் இரத்தம் எடுப்பியுங்கள். வீசிய இரண்டை மட்டும் பார்ப்பதில் பயன் குறைவு. முதலில் செய்வது ரோஸ் பெங்கால் என்ற சோதனை. வீசிய உடனே எடுத்த இரத்தத்தில் நோய் தெரியாமல் போகலாம். அப்படியானால் மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். முடிவு வரும் வரை அந்த இரண்டையும் தனியாகக் கட்டுங்கள். விற்க வேண்டாம், யாருக்கும் வாரத்துக்கு (பங்குக்கு வளர்க்க) கொடுக்கவும் வேண்டாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: விழுந்த குட்டியையும் கொடியையும் கையால் அள்ளி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டேன். நாய் இழுத்துக்கொண்டு போனது. இனி என்ன செய்வது?

தம்பி, இந்த நோயில் மிக ஆபத்தான பொருள் அந்தக் குட்டியும் இளங்கொடியும் கூட வரும் நீரும்தான். கிருமி கணக்கில்லாமல் இருக்கும். கையில் முள் கீறிய காயம் இருந்தால் அதன் வழியாக உள்ளே போகும். கண்ணில் தெறித்தாலும் போகும். மூச்சோடும் போகும். கையை இப்போதே சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள், அன்று உடுத்த சாரத்தைக் கொதிநீரில் ஊற வைத்துத் தோயுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் காய்ச்சல் வந்தால் நடந்ததை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இனி எப்போது குட்டி விழுந்தாலும் இப்படிச் செய்யுங்கள். முதலில் நாயைக் கட்டுங்கள். நாய் தின்றால் அதற்கும் தொற்றும், இழுத்துப் போகும் வளவெல்லாம் கிருமி சிந்தும். கையுறை இல்லாவிட்டால் இரண்டு சொப்பிங் பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் மூடுங்கள். பரிசோதனைக்குக் கொடுக்க முடியுமா என்று அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேளுங்கள். முடியாவிட்டால் கிணற்றுக்கும் குளத்துக்கும் தூரமாக நாலடிக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். எங்கள் பக்கம் காட்டுப்பன்றியும் நரியும் ஆழமில்லாத கிடங்கைக் கிளறிவிடும், அதனால் மண்ணை மிதித்து இறுக்கி மேலே முட்கொப்பு போடுங்கள். நனைந்த வைக்கோலையும் குப்பையையும் எரித்துவிடுங்கள். நிலத்துக்கு, கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றலாம். நல்ல வெயில் பட்டால் கிருமி சில மணி நேரத்தில் சாகும். ஆனால் மாரியில் ஈரம் காயாத நிழல் கொட்டிலில் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொட்டிலின் ஒரு பக்கக் கிடுகைக் கழற்றி வெயில் விழச் செய்வது காசு செலவில்லாத மருந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கன்று ஈன்ற மாட்டின் இளங்கொடியைப் பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் பழைய வழக்கம், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குறைமாதத்தில் வீசிய மாட்டினதையோ ஆட்டினதையோ தொங்கவிடாதீர்கள். அது மண்ணுக்குள்தான் போக வேண்டும்.

பூநகரியிலிருந்து ஓர் அம்மா: பேரப்பிள்ளைக்கு இழுப்பு. ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டோடு கொடுத்தால் நல்லது என்று காய்ச்சாமல் கொடுக்கிறோம். பிழையா?

அம்மா, பாலைக் கொடுங்கள், ஆனால் காய்ச்சிக் கொடுங்கள். பொங்கி எழும் வரை ஒரு முறை கொதித்தால் இந்தக் கிருமி முழுவதும் செத்துவிடும். மடியில் வரும் சூடு கிருமிக்குச் சுகமான சூடு, அதைக் கொல்லாது. தயிர் போடுவதென்றாலும் காய்ச்சி ஆறிய பிறகே உறை ஊற்றுங்கள். காய்ச்சுவதால் ஆட்டுப்பாலின் சத்துப் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

இந்த நோயின் வரலாறே பச்சை ஆட்டுப்பாலில்தான் இருக்கிறது. மோல்டா தீவில் இருந்த பிரித்தானியச் சிப்பாய்கள் நீண்ட காய்ச்சலில் சாக, 1887இல் டேவிட் புறூஸ் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. 1905இல் தெமிஸ்டொக்கிள்ஸ் சமிற் என்ற மோல்டா வைத்தியர் ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான், ஒரு குறையும் தெரியாத ஆடுகள் பாலில் கிருமியைக் கொடுப்பது வெளியே வந்தது. சிப்பாய்களுக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் நோய் சட்டென்று குறைந்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அண்ணை: மூன்று கிழமையாகக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. இரவில் வியர்வை, நாரிப் பிடிப்பு, மூட்டு நோ. டெங்கு இல்லை என்கிறார்கள். வீட்டில் பத்து ஆடு நிற்கிறது.

அண்ணை, கடைசி வசனத்தைத்தான் ஆஸ்பத்திரியில் முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல், காசநோய் எல்லாவற்றோடும் இது குழம்பும். முந்தி இப்படிக் காய்ச்சல் என்றால் வன்னியில் எல்லோரும் மலேரியா என்று குயினைனைத் தேடினோம். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது, அதனால் வேறு காரணங்களையும் தேடத்தான் வேண்டும். ஆடு வளர்ப்பது, குட்டி விழுந்தது, பச்சைப் பால் குடித்தது எல்லாவற்றையும் சொன்னால் டொக்டர் அதற்குரிய இரத்தப் பரிசோதனை எழுதுவார். ஆண்களுக்கு விதை வீக்கமும் வரலாம். இது மாறக்கூடிய நோய். ஆனால் வழக்கமாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் எடுக்க வேண்டிவரும். பத்தாம் நாள் சுகம் தெரிந்ததும் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பி வரும், சிலருக்கு முள்ளந்தண்டில் போய் இருந்துவிடும். மீந்த குளிசையை ஆட்டுக்குக் கொடுப்பதும், ஆட்டு மருந்தை நீங்கள் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆட்டின் ஈற்றுக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அவருக்கும் கரு கலையலாம்.

நெடுங்கேணியிலிருந்து: சோதனையில் மூன்று ஆட்டுக்கு நோய் என்று வந்திருக்கிறது. ஊசி போட்டு மாற்ற முடியாதா?

முடியாது என்று சொல்வது எனக்கும் கஷ்டம்தான். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு நிற்கும் ஆடு என்று தெரிந்துதான் சொல்கிறேன். கிருமி உடற்கலங்களுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் மருந்து போட்டாலும் முழுதாகப் போகாது. வேறு சில கிருமிகளாலும் முதற் சோதனை பிழையாகக் காட்டலாம், ஆகவே இரண்டாவது சோதனையால் உறுதி செய்யுமாறு கேளுங்கள். உறுதியானால் கால்நடை வைத்தியர் சொல்லும் முறையில் அவற்றைப் பட்டியிலிருந்து அகற்ற வேண்டும். சந்தையில் விற்றால் நோயை இன்னொரு ஏழை வீட்டுக்கு அனுப்புகிறோம். நோயுள்ள மறியின் பெண் குட்டியையும் இனத்துக்கு வைக்காதீர்கள். சோதனையில் சுத்தம் என்று வந்தாலும், சிலதில் முதல் ஈற்றின்போதுதான் நோய் வெளிப்படும்.

அதே வீட்டிலிருந்து இன்னொரு கேள்வி: அறுத்துப் பங்கு போடலாமா?

நீங்களாக வளவில் அறுக்காதீர்கள். நன்றாகச் சமைத்த இறைச்சியால் பயமில்லை, கருப்பையையும் மடியையும் வெறுங்கையால் வெட்டுபவருக்குத்தான் ஆபத்து. வைத்தியரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

மாங்குளத்திலிருந்து: மாட்டுக்கன்றுக்குப் போடும் தடுப்பூசியை ஆட்டுக்கும் போடலாமா?

வேண்டாம். அந்த எஸ்19 மாட்டுக்கன்றுகளுக்கு உரியது. ஆட்டுக்கு உலகில் பயன்படுத்துவது ரெவ்.1 என்ற வேறு தடுப்பூசி. அது உயிருள்ள கிருமி, சினை ஆட்டுக்குப் போட்டால் அதுவே குட்டியை விழுத்தலாம். கால்நடைத் திணைக்களம் தீர்மானித்துச் செய்ய வேண்டிய வேலை அது.

துணுக்காயிலிருந்து ஒரு தம்பி: குளத்தடியில் எல்லோருடைய ஆடும் மாடும் ஒன்றாக மேய்கின்றன. கிடாயும் பொதுக் கிடாய். ஒருவர் மட்டும் கவனமாக இருந்து என்ன பயன்?

பயன் இருக்கிறது தம்பி. மேய்ச்சலை விட ஈற்று நடக்கும் இடத்தில்தான் அதிகம் பரவுகிறது. சினை முற்றிய மறியைக் கடைசி மாதம் மேய்ச்சலுக்கு விடாமல் வீட்டில் கட்டிக் குழை போடுங்கள். கிளிசறியாவும் பூவரசும் வேலியில் நிற்கிறதுதானே. குட்டி விழுந்தாலும் உங்கள் வளவுக்குள் விழும், புதைக்கலாம். ஆட்டுக் கிருமி மாட்டுக்கும், சிலவேளை மாட்டுக் கிருமி ஆட்டுக்கும் போகும். அதனால் கன்று வீசிய மாட்டுப்பட்டி பக்கத்தில் இருந்தால் தூர விலக்குங்கள்.

கிடாயின் விதை வீங்கியிருந்தால் அதைச் சேர்க்கவே வேண்டாம். பொதுக் கிடாய்க்கு எல்லோரும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்ப்பியுங்கள். வெளி மாவட்டத்திலிருந்து புது ஆடு வாங்கினால் ஒரு மாதம் தனிக்கொட்டில், இரண்டு முறை சோதனை, அப்புறம்தான் பட்டிக்குள். பெரிய மறி ஒன்றை யாராவது வழக்கத்துக்கு மாறாக மலிவாகத் தந்தால், கடைசி ஈற்றில் குட்டி உயிரோடு பிறந்ததா என்று கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.