கரப்பான் உள்ள பையனுக்கு இரவு இருமல்: சம்பந்தம் உண்டு

அக்கா, குடியாத்தத்தில் இருக்கிறோம், நாலு வயசுப் பையனுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு), இப்போது காலையில் தும்மலும் இரவில் இருமலும் சேர்ந்துகொண்டது, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்துமா, ஒவ்வாமைச் சளி, கண் அரிப்பு, உணவு ஒவ்வாமை எல்லாம் மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக வரும். வறண்டு வெடித்த தோல் வழியாகத் தூசும் உணவுப் புரதமும் உள்ளே போய் ஒவ்வாமையைத் தூண்டிவிடுவது ஒரு காரணம். அதற்காக முட்டை, பாலை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், வளர்கிற பிள்ளை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போ உதட்டு வீக்கமோ வந்தால் மட்டும் அந்த உணவை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இருமும்போது சட்டையைத் தூக்கிப் பாருங்கள்: மூச்சு இழுக்கையில் விலா நடுவே குழி விழுந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். அப்படி இல்லை என்றாலும் இந்த வாரமே காட்டிவிடுங்கள், வேலூர் சிஎம்சியில் குழந்தைகள் பிரிவு, தோல் பிரிவு இரண்டுமே உண்டு. நம் ஊர் வெயிலில் வியர்வை வேறு அரிப்பைக் கிளறும், அதனால் குளித்ததும் ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவிவிடுங்கள். சொறிந்த இடத்தில் தேன் நிறப் பொருக்கு கட்டினால் கிருமித் தொற்று, அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு கொத்தாக நீர்க்கொப்புளம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.